'துப்பாக்கி' என்ற ஒற்றைச் சொல்: பெயர் மாறினால் தண்டனையும் மாறும்

திருவனந்தபுரம்: 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் 'ஏர் பிஸ்டல்' என்ற சொல் இரு வேறு செய்திகளில் இடம்பெற்றது. பாரீஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதே நாள் காலையில் திருவனந்தபுரத்தில், வஞ்சியூர் காவல் எல்லைக்குட்பட்ட ஒரு வீட்டு வாசலில், கூரியர் கொண்டுவந்தவர்போல் முகத்தை மறைத்து வந்த ஒருவர் அவ்வீட்டுப் பெண்ணைச் சுட்டார். பெண்ணின் கையில் காயம் ஏற்பட்டது. பயன்படுத்தப்பட்டது ஏர் பிஸ்டல் என்று காவல்துறை தெரிவித்தது. இரண்டு நாள்களில் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

ஒரு செய்தியில் அது விளையாட்டுக் கருவி. மற்றொன்றில் தாக்குதல் ஆயுதம். 'ஏர் கன் தானே' என்ற அலட்சியமும், 'நகரின் நடுவே துப்பாக்கிச்சூடு' என்ற அச்சமும் ஒரே நிகழ்வைப் பற்றி எழுந்தன. கைத்துப்பாக்கிகளுக்கு மக்களும் ஊடகங்களும் வழங்கும் பெயர்கள் எவ்வளவு நெகிழ்வானவை என்பதை அந்த நாள் காட்டியது. ஆனால் சட்டம் அந்த நெகிழ்வை ஏற்பதில்லை. ஒரு கைத்துப்பாக்கி எந்தப் பெயருக்கு, எந்த வகைக்கு உரியது என்பதைப் பொறுத்தே உரிமம் தேவையா என்பதும், சிறைத் தண்டனை எத்தனை ஆண்டுகள் என்பதும் முடிவாகின்றன.

இரு மொழிகள் சந்திக்கும் கோட்டை

இந்தப் பெயர்க் குழப்பத்தை நேரில் காண ஏற்ற இடம் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை. ஒருபுறம் ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயில். மறுபுறம் தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாகக் கடை நடத்தும் சாலை கடைவீதி. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் கோயிலின் நிலவறைகள் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர், இங்கு ஆயுதமேந்திய காவலர்கள் அன்றாடக் காட்சியாகிவிட்டனர். அவர்கள் தாங்கியிருப்பது மலையாளம் பேசுவோருக்குத் 'தோக்கு'. தமிழ் பேசுவோருக்குத் 'துப்பாக்கி'.

இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. துருக்கிய மொழியின் 'துபக்' என்ற சொல் தெலுங்கில் 'துபாகி' ஆகவும், தமிழில் 'துப்பாக்கி' ஆகவும், மலையாளத்தில் 'தோக்கு' ஆகவும் உருமாறியது. கையில் அடங்குவதைத் தமிழ் 'கைத்துப்பாக்கி' என்கிறது. மலையாளம் 'கைத்தோக்கு' என்கிறது.

ஒற்றுமை இத்துடன் முடிகிறது. மலையாளத்தில் 'வெடியேற்றான்' என்றால் துப்பாக்கியால் சுடப்பட்டான் என்று பொருள். 'வெடிவைப்பு' என்றால் துப்பாக்கிச்சூடு. 'வெடியுண்ட' என்றால் துப்பாக்கிக் குண்டு. தமிழ்ச் செவிக்கோ 'வெடி' என்றதும் பட்டாசும், 'வெடிகுண்டு' என்றதும் பெரும் நாசமும் நினைவுக்கு வருகின்றன. எனவே மலையாளச் செய்தி ஒன்றில் வரும் 'வெடியுண்ட' என்பதை ஒலியொப்புமை கருதி 'வெடிகுண்டு' என்று தமிழாக்கினால், ஒரு தோட்டா பற்றிய செய்தி குண்டுவெடிப்புச் செய்தியாகிவிடும்.

தமிழுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. குழலிலிருந்து பாய்வது 'குண்டு'. வெடிமருந்தும் குண்டும் உறையும் சேர்ந்த முழுப் பொருள் 'தோட்டா'. பத்துத் தோட்டாக்கள் பறிமுதல் என்பதும் பத்துக் குண்டுகள் பறிமுதல் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது தொடரைப் படிப்பவர் வெடிகுண்டுகளை எண்ணிக் கலங்கவும் கூடும். இலங்கைத் தமிழ் ஏடுகளில் வழங்கும் 'ரவை' என்ற சொல் இந்தக் குழப்பத்திற்கு இடம் தருவதில்லை.

பிஸ்டலா, ரிவால்வரா?

பேச்சுவழக்கில் இவ்விரண்டும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வழங்கப்படுகின்றன. தொழில்நுட்பத்தில் இரண்டும் வெவ்வேறானவை. ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளையின் அறைகளில் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவரும். பொதுவாக ஆறு அறைகள். 'சுழல் துப்பாக்கி' என்ற தமிழாக்கம் இதனால் பொருத்தமானது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்ற வடிவமே இவ்வகையைப் பரப்பியது.

இன்று பிஸ்டல் எனப் பொதுவாகக் குறிக்கப்படுவது வேறு. அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் அடுக்கப்பட்டிருக்கும். சுட்டவுடன் காலி உறை வெளியே தெறித்து, அடுத்த தோட்டா தானாகக் குழலறைக்கு ஏறும். புலனாய்வில் இந்த வேறுபாடு முக்கியமானது. பிஸ்டலால் சுட்ட இடத்தில் காலி உறைகள் கிடக்க வாய்ப்பு அதிகம். ரிவால்வரில் அவை உருளைக்குள்ளேயே தங்கிவிடும். 'ரிவால்வரால் சுட்டனர்' என்று செய்தி வெளியான அதே இடத்தில் உறைகள் கிடைத்ததாக மறுநாள் செய்தி வந்தால், இரண்டில் ஒன்றை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வரலாற்றிலும் இந்தக் கலப்பு தொடர்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த செங்கோட்டையைச் சேர்ந்த அவர், அதே அரசின் வனத்துறையில் பணியாற்றியவர். அவர் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல். எனினும் 'ரிவால்வர்' என்றே அதைச் சொல்வோர் இன்றும் உண்டு. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைக் கொல்லப் பயன்பட்டதும் இத்தாலியத் தயாரிப்பான பெரெட்டா 1934 ரகப் பிஸ்டலே.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறல்ல. 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்ற துப்பாக்கி, பிரவுனிங் வடிவமைத்த 1910 மாதிரி. நெடுங்காலம் பல நூல்கள் அதை 1900 மாதிரி என்றே எழுதிவந்தன. 'பிரவுனிங்' என்ற ஆளின் பெயரே ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் பிஸ்டலுக்கான பொதுச் சொல்லாகவும் ஆகிப்போனது.

'ஆட்டோமேட்டிக்' என்ற ஆபத்தான அடைமொழி

பிஸ்டல்கள் அறிமுகமான காலத்தில் அவற்றை 'ஆட்டோமேட்டிக்' என்று அழைக்கும் வழக்கம் உருவானது. அடுத்த தோட்டா தானாக ஏறுவதால் வந்த பெயர் அது. உண்மையில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை விசையை அழுத்த வேண்டும். ஆகவே அவை அரைத் தானியங்கிகள்.

இந்தியச் சட்டத்தில் இந்த 'அரை' என்ற சொல்லுக்கு எடை அதிகம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவு, விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அல்லது மேகசின் காலியாகும்வரை தொடர்ந்து சுடும் வகையில் அமைந்த துப்பாக்கியைத் 'தடைசெய்யப்பட்ட ஆயுதம்' என வரையறுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை. அதே திருத்தம் ஒருவர் உரிமத்துடன் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

எனவே கைதான ஒருவரிடம் 'தானியங்கித் துப்பாக்கி' இருந்தது என்று எழுதும்போது, எழுதுபவர் அறியாமலேயே அவரைக் கடுமையான பிரிவின்கீழ் நிறுத்திவிடுகிறார். தடயவியல் ஆய்வில் அது அரைத் தானியங்கி என்று தெரியவந்தாலும், வாசகர் மனத்தில் முதல் சொல்லே தங்கிவிடுகிறது.

எண்களும் ஏமாற்றும்

பறிமுதல் செய்திகளில் '.32', '7.65', '9 எம்.எம்.', '12 போர்' என்ற எண்கள் விளக்கமின்றி இடம்பெறுகின்றன. இங்கு 'போர்' என்பது யுத்தமன்று, குழலின் உள்விட்டம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை நுழையும் அளவுள்ள குழலே '12 போர்'. '.32' என்பது அங்குலக் கணக்கு, '7.65' மில்லிமீட்டர் கணக்கு. .32 பிஸ்டலும் 7.65 மி.மீ. பிரவுனிங் பிஸ்டலும் ஏற்பது ஒரே தோட்டாவை. முதல் நாள் '.32' என்றும் மறுநாள் '7.65' என்றும் எழுதப்பட்டால், இரண்டு துப்பாக்கிகள் சிக்கின என்று வாசகர் கருத இடமுண்டு.

இதற்கு மாறான குழப்பமும் உண்டு. இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்கு விற்கும் .32 ரிவால்வரும் .32 பிஸ்டலும் எண்ணால் ஒன்று. ஆனால் அவற்றின் தோட்டாக்கள் வேறு வேறு. பெண்களின் தற்காப்பை முன்னிறுத்தி 2014 ஜனவரியில் கான்பூரில் அறிமுகமான 'நிர்பீக்', 2023 ஆகஸ்டில் அறிமுகமான 'பிரபல்' ஆகிய இரண்டும் .32 ரிவால்வர்கள்.

'9 எம்.எம்.' என்ற எண்ணுக்கும் இதே விதி. காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டலைச் சாதாரணக் குடிமகன் வாங்க இயலாது. உரிமப் பேச்சில் அது 'தடைசெய்யப்பட்ட போர்' வகை. காந்தியடிகள் மீது பாய்ந்தவையும் 9 மி.மீ. குண்டுகள்தாம், ஆனால் அவை 'குட்டை' வகைத் தோட்டாவுக்குரியவை, காவல்துறைத் தோட்டாவுக்குரியவை அல்ல. எண் மட்டும் முழு அடையாளம் ஆகாது என்பதற்கு இது சான்று.

ஒரு பெயர், இரண்டு துப்பாக்கிகள்

தமிழ்ச் செய்திகளில் மிக அதிகமாகக் குழப்பம் விளைவிக்கும் பெயர் 'நாட்டுத் துப்பாக்கி'. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோர ஊர்களில் இப்பெயர் நீண்ட குழலுடைய, வாய்வழியே மருந்து இட்டுக் கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கியைக் குறிக்கும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு எதிராகவும் திருட்டு வேட்டைக்கும் பயன்படுவது அது. கேரளத்தில் 'நாடன் தோக்கு', 'கள்ளத்தோக்கு' என்பன பெரும்பாலும் இவ்வகையையே சுட்டும்.

வட இந்தியாவில் 'கட்டா' அல்லது 'தமஞ்சா' எனப்படுவது வேறு பொருள். ஒரு தோட்டா மட்டும் இட்டுச் சுடும், கைக்குள் அடங்கும் கள்ளத் தயாரிப்பு அது. பெரும்பாலும் .315 அல்லது 12 போர் தோட்டாவுக்காகச் செய்யப்படுகிறது. ஆங்கிலச் செய்தி இதை உள்நாட்டுத் தயாரிப்புப் பிஸ்டல் என்கிறது; தமிழாக்கத்தில் அதுவும் 'நாட்டுத் துப்பாக்கி' ஆகிவிடுகிறது. விளைவாக, கொல்லிமலைப் பழங்குடி விவசாயியின் வேட்டைத் துப்பாக்கியும், ரயிலில் கடத்திவரப்பட்ட கொலைக் கருவியும் ஒரே தலைப்பின்கீழ் வந்து நிற்கின்றன.

மூன்றாவது வகையும் உண்டு: பிகாரின் முங்கேரில் கள்ளத்தனமாக உருவாகும் மேகசின் பிஸ்டல்கள். 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் தம் தலைநகரை அங்கு மாற்றி ஆயுதச் சாலை அமைத்தது முதல், முங்கேரில் துப்பாக்கித் தொழில் தலைமுறை தொழிலாகத் தொடர்கிறது. உரிமம் பெற்ற ஆலைகளும் அங்கு உண்டு. அவற்றின் நிழலில் கள்ளப் பட்டறைகளும் உண்டு. அங்கு செய்யப்படும் பிஸ்டல் பார்வைக்கு ஆலைத் தயாரிப்பைப் போலவே இருக்கும், பலமுறை சுடும்.

2021 ஜூலை 30 அன்று எர்ணாகுளம் மாவட்டம் கோதமங்கலம் அருகே நெல்லிக்குழியில் பல் மருத்துவ மாணவி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட இளைஞரும் தன்னைத்தானே சுட்டு உயிரிழந்தார். துப்பாக்கி பிகாரிலிருந்து வாங்கப்பட்டது என்று கண்டறிந்த கேரளக் காவல்துறை, முங்கேர் வரை சென்று கைது நடவடிக்கை மேற்கொண்டது. இத்தகைய துப்பாக்கியையும் 'நாட்டுத் துப்பாக்கி' என்றழைத்தால், அது உள்ளூரில் செய்யப்பட்டது என்ற எண்ணமே எழும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடத்தல் பாதை அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடும்.

களியக்காவிளை தந்த பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியில், 2020 ஜனவரி 8 இரவு சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழகத்தையும் கேரளத்தையும் ஒருசேர உலுக்கிய அந்த வழக்கில், சந்தேக நபர்கள் இருவர் சில நாள்களில் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். ஆனால் துப்பாக்கி உடனே கிடைக்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்தே எர்ணாகுளம் அரசுப் பேருந்து நிலையம் அருகே ஒரு கழிவுநீர் ஓடையிலிருந்து அது மீட்கப்பட்டது. வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் நிற்கும் கேள்வி, துப்பாக்கி கிடைத்ததா என்பது மட்டுமன்று. உடலில் இருந்த குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்ததா என்பதும் ஆகும். குழலின் உட்புறத் திருகுவரிகள் குண்டின் மீது விட்டுச்செல்லும் தடங்களையும், உறையின் அடியில் ஊசி பதித்த குறியையும் ஒப்பிட்டே தடயவியல் நிபுணர்கள் விடை கூறுகின்றனர். அந்த அறிக்கையில் 'துப்பாக்கி' என்ற பொதுச்சொல்லுக்கு இடமில்லை. வகை, விட்டம், தயாரிப்பு, தொடர் எண் ஆகிய அனைத்தும் தேவை. மீட்பு அறிக்கை ஒரு வகையையும், ஆய்வறிக்கை மற்றொரு வகையையும் குறிப்பிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி அங்கிருந்தே தொடங்கும்.

தெருவில் ஓடும் குதிரை

குற்ற உலகம் தன் பெயர்களை வேண்டுமென்றே மங்கலாக வைத்துக்கொள்கிறது. மும்பை நிழலுலகில் கைத்துப்பாக்கிக்கு 'கோடா', அதாவது குதிரை என்று பெயர். இந்தியில் துப்பாக்கியின் சுத்தியலுக்கு அப்பெயர் உண்டு. உறுப்பின் பெயரே முழுக் கருவிக்கும் ஆகிவந்தது. தமிழிலும் பழைய அகராதிகளில் 'குதிரை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியின் உறுப்பு என்ற பொருள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

இலங்கையில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் துப்பாக்கிக்குக் 'கல்கட்டஸ்' என்ற சிங்களப் பெயர் வழங்குகிறது. தமிழ்ச் செய்திகளும் அதை அப்படியே எடுத்தாள்கின்றன. அமெரிக்காவில் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளுக்குச் 'சனிக்கிழமை இரவு ஸ்பெஷல்' என்று பெயர். அந்தப் பெயர் அங்கு அரசியல் விவாதமாகவே மாறியது. மலிவு விலைத் துப்பாக்கியைத் தடுப்பது குற்றத்தைக் குறைக்குமா, ஏழைகளின் தற்காப்பு உரிமையைப் பறிக்குமா என்று இரு தரப்பினரும் வாதிட்டனர். ஆனால் எந்தத் துப்பாக்கி அந்தப் பெயருக்குள் அடங்கும் என்பதில் கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

'ஏர் கன்' விளையாட்டுப் பொருளா?

கிழக்கேகோட்டையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வீட்டில் நடந்த தாக்குதல் எழுப்பிய கேள்வி இதுதான். ஆயுதச் சட்டத்தின் வரையறை வெடிமருந்தோடு நின்றுவிடவில்லை. வேறு வகை ஆற்றலால் குண்டைச் செலுத்தும் கருவியும் அதன்படி துப்பாக்கியே. அழுத்தப்பட்ட காற்றும் அத்தகைய ஆற்றல்தான். எனினும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், குழலின் விட்டம் 0.177 அங்குலத்திற்கும், அதாவது 4.5 மி.மீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. ஒலிம்பிக் வீராங்கனையின் ஏர் பிஸ்டலும் அதே 4.5 மி.மீ. விட்டமுடையதுதான்.

உரிமம் தேவையில்லை என்பது வாங்குவதற்கான விலக்கு, சுடுவதற்கான அனுமதியன்று. அருகிலிருந்து சுடப்பட்டால் கண்பார்வையைப் பறிக்கவும், தோலைத் துளைத்துச் சதைக்குள் புகவும் சிறு ஈயக் குண்டுக்கு இயலும். அதைக் கொண்டு ஒருவரைத் தாக்கினால், காயத்தின் தன்மையையும் தாக்கியவரின் நோக்கத்தையும் வைத்தே குற்றப் பிரிவுகள் முடிவாகும். கொலை முயற்சிப் பிரிவும் அவற்றில் அடங்கும். கருவியின் எளிய பெயர் குற்றவாளிக்குக் கேடயம் ஆகாது.

இணையத்தில் பார்த்து வாங்குவோர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ஏர் கன்' என்ற ஒரே பெயரில் விலக்குப் பெற்றவையும், விட்டத்தாலோ ஆற்றலாலோ வரம்பைத் தாண்டி உரிமம் தேவைப்படுபவையும் உள்ளன. பெட்டியின் மீதுள்ள பெயரைவிட அதன் பக்கத்திலுள்ள எண்களே சட்டத்தின் முன் பேசும்.

மூன்று கேள்விகள்

துப்பாக்கி பற்றிய செய்தி வரும்போது மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தால் பெரும்பாலான குழப்பங்கள் தீரும். குண்டைச் செலுத்துவது வெடிமருந்தா, காற்றா? ஒரு முறை இட்டால் ஒரே தோட்டாவா, பலவா. பல எனில் உருளையா, மேகசினா? செய்யப்பட்டது உரிமம் பெற்ற ஆலையிலா, கள்ளப் பட்டறையிலா? முதல் கேள்வி உரிமத்தையும், இரண்டாவது ஆபத்தின் அளவையும், மூன்றாவது கடத்தல் பாதையையும் காட்டும்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. காற்றுத் துப்பாக்கி, சுழல் துப்பாக்கி, பிஸ்டல், ஒற்றைத் தோட்டா கள்ளத் துப்பாக்கி, வாய்வழி மருந்திடும் வேட்டைத் துப்பாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் வாசகர் உடனே புரிந்துகொள்ளும் பெயர் இருக்கிறது. காவல்துறை முதல் தகவலில் வகை தெரியாதபோது 'கைத்துப்பாக்கி' என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்வதும் துல்லியமே. வகை தெரியாமல் 'தானியங்கி' என்றும் 'நாட்டு' என்றும் அடைமொழி சேர்ப்பதே தவறு.

சுடப்பட்டவருக்கு அந்தப் பெயரால் வலி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் அவருக்குக் கிடைக்கவேண்டிய நீதியும், குற்றம் சாட்டப்பட்டவர் எதிர்கொள்ளும் தண்டனையும், அந்தத் துப்பாக்கி வந்த பாதையில் அடுத்தது வருமா என்பதும் அதைச் சரியாகப் பெயரிடுவதில் தொடங்குகின்றன.